ஹோமத்துக்கு உட்கார வந்தவள்

"அந்தப் பொம்பளைய உள்ள கூப்புட்டா வரமாட்டேங்கறா பூபதி. கேட்டுக்கு வெளியவே நிக்கறா. என்னனு நீயே போயிக் கேளு."

கந்தம்மாள் சமையலறை வாசலில் நின்று இதைச் சொன்ன தோரணையிலேயே, என்னவென்று அவள் ஏற்கெனவே கேட்டுவிட்டாள் என்பது பூபதிக்குத் தெரிந்துபோயிற்று. நாத்தனாரோடு கால் நூற்றாண்டு குடும்பம் நடத்தியவளுக்கு அதுகூடத் தெரியாதா? பொங்கலுக்கு நெய் ஊற்றிக்கொண்டிருந்த கரண்டியைப் பாத்திரத்தின் விளிம்பில் வைத்தாள்.

"எந்தப் பொம்பளைங்க்கா?"

"ஹோமம் பண்ண வந்திருக்குதே சரிதான்னு ஒரு புள்ள, உன்ற மக ரஞ்சனியோட படிச்சவ. அவளப் பெத்தவ. வாழப்பாடிப் பக்கமிருந்து மொத பஸ்ஸப் புடிச்சு வந்திருக்கறா. மக ஹோமத்துல உக்கார்றதப் பாக்கோணுமாமா. செரி, உள்ள வந்து உக்காரும்மான்னேன். 'இருக்கட்டுங்க சாமி, நான் இங்கயே நின்னுக்கறேன்'ங்கறா. எனக்கு அப்பவே சுருக்குன்னுச்சு. ஊருக்குள்ள எந்தத் தெரும்மா உங்களுதுன்னு கேட்டேன்."

கந்தம்மாள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"காலனியாமா."

பூபதிக்கு முதலில் நினைவுக்கு வந்தது அரிசிக் கூடைதான். விடிகாலையில் கலசத்துக்கு வேண்டுமென்று அந்தப் பெண் இதே சமையலறைக்குள் வந்து, கூடைக்குள் கை விட்டு, இரண்டு கை நிறைய அள்ளிக்கொண்டு போனாள். பூபதியே அவளுக்குக் காபி கலந்து கொடுத்தாள். "என்ன கண்ணு, இத்தன ஒல்லியா இருக்கற?" என்று கன்னத்தைத் தட்டக்கூடச் செய்தாள். தட்டிய கையை இப்போது சேலையில் துடைத்துக்கொண்டாள். துடைத்த பிறகு, ஏன் துடைத்தோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

இளம்பிள்ளையில் சேலைக் கடைகள் முடிகிற இடத்தில் குழந்தைவேல் புதிதாகக் கட்டிய மாடி வீடு அது. பின்புறம் விசைத்தறிக் கொட்டகை. வருஷம் முழுக்கக் கடகடத்துக்கொண்டிருக்கும் தறிகளை இன்று நிறுத்தியிருந்தார்கள். புதுமனைப் புகுவிழா. பால் காய்ச்சியாகிவிட்டது. அடுத்து கணபதி ஹோமம். கூடத்தில் சொந்தக்காரர்கள் ஜமுக்காளம் கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

கந்தம்மாள் மாடியேறித் தம்பியிடம் போனாள். குழந்தைவேல் பட்டு வேட்டியின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். அக்கா சொல்லி முடித்ததும், "அதனால என்னக்கா?" என்றார்.

மேடையில் பேசிப் பழகிய வாய், பதில் தன்னால் வந்துவிட்டது. சொல்லிவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

அதனால் என்ன என்று ஊரையே கேட்டவர்தான் அவர். சில வருஷங்களுக்கு முன் வேறோர் ஊர்க் கோயிலுக்கு வெள்ளிக் கவசம் செய்துகொடுத்தார். கவசத்தை வாங்கிக்கொண்ட குருக்கள், விபூதியை அவர் கையில் வைக்காமல், ஒரு முழம் உயரத்திலிருந்து போட்டார். பாதி உள்ளங்கையிலும் பாதி தரையிலும் விழுந்தது. "நான் குடுத்த வெள்ளி சாமி மேல படலாம், என்ற கை அந்தாளு மேல படக் கூடாதாமா?" என்று வீட்டுக்கு வந்து கொதித்தார். மாசக்கணக்காகக் கொதித்தார்.

அந்தக் கொதிப்பில் இருந்தபோதுதான் ரஞ்சனி வந்து நின்றாள். பி.காம். முடித்திருந்தாள். அரசாங்கம் நடத்தும் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளியில் சேரப்போவதாகச் சொன்னாள். எந்தச் சாதிக்காரரும் சேரலாம், பெண்களும் சேரலாம். கட்டணம் கிடையாது. தங்க இடம், சாப்பாடு, உடுத்தத் துணி எல்லாம் கொடுத்து மாதாமாதம் உதவித்தொகையும் தருகிறார்கள். உறவெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. குழந்தைவேல் ஒருவர்தான் அசையாமல் நின்றார். தானே காரில் கொண்டுபோய் விட்டு வந்தார். நெசவாளர் சங்க விழாவில் மைக்கைப் பிடித்து, "நம்ம வரிப்பணத்துல அரசாங்கம் பண்ணுன உருப்படியான காரியம்னா இது ஒண்ணுதானுங்க. சாமிக்கு முன்னால சாதி எதுக்குங்க? ஏழை ஊட்டுப் புள்ள மந்திரம் படிக்கக் கூடாதுங்களா?" என்று கேட்டார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அந்த வீடியோவை அவர் எத்தனை முறை போட்டுப் பார்த்தார் என்று பூபதியைக் கேட்டால் சொல்லுவாள்.

சரிதாவைக் கூப்பிடச் சொன்னதும் அவரேதான். பயிற்சி முடிந்த அன்று இரண்டு பெண்களும் சேர்ந்து தேவாரம் பாடியதை ரஞ்சனி செல்போனில் காட்டினாள். "உன்ற குரல விட அந்தப் புள்ளை குரல் கணீர்னு இருக்குது கண்ணு. நம்மூட்டு ஹோமத்துக்கு அவளே பிரதானமா உக்காரட்டும், நீ பக்கத்துல இரு" என்றார். அதோடு நிற்கவில்லை. தெருப் பிள்ளையார் கோயில் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். அங்கே பூசை செய்துகொண்டிருந்தவர் மகனோடு வெளியூர் போய்விட்டதால், ஆளுக்கொரு நாள் யாராவது விளக்கேற்றி ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். ஹோமம் முடிந்த கையோடு, அந்தக் கோயில் பூசையை இரண்டு பெண்களிடமும் ஒப்படைப்பதாக எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவதென்று முடிவு செய்திருந்தார். சரிதாவுக்குப் போனில் சொல்லியும் விட்டார்.

இத்தனையிலும் ஒன்றை மட்டும் அவர் கேட்கவில்லை. கருவறைக்குப் போகப் படித்த பெண், நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய மந்திரம். நம்மைப் போல யாராவதாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். ரஞ்சனியும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றல்ல, சொல்ல வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. அப்பாவின் மேடைப் பேச்சை நம்பிய பிள்ளை அவள்.

"சாமிக்கு முன்னால சாதி எதுக்குன்னு நீதான பேசுன?" என்றாள் கந்தம்மாள். இடித்துக் காட்டத்தான் சொன்னாள்.

"அது கோயிலுக்குச் சொன்னதுக்கா. இது ஊடு."

சொன்ன பிறகு அவருக்கே அது அசிங்கமாகக் கேட்டது. எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கீழே, கேட்டுக்கு வெளியே, சரிதாவின் அம்மா ஆராயி நின்றுகொண்டிருந்தாள். சலவைச் சேலை. செருப்பைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு நின்றாள். கூடத்து ஜன்னல் வழியாக மகளின் தலை தெரிகிறதா என்று எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தைவேல் ஜன்னலை விட்டு விலகினார்.

"எழுந்து போன்னு நான் எப்படிக்கா சொல்றது? எவனாச்சும் வீடியோ எடுத்துப் போட்டா மானம் போயிரும். கேசு கீசுன்னு வேற ஆயிரும்."

"கமிட்டிக்காரங்களுக்குத் தெரிஞ்சா மட்டும் மானம் இருக்குமா? அந்தப் புள்ளைய மட்டுமா வேண்டாம்பாங்க? உன்ற மகளையுஞ் சேத்துத்தான் ஒதுக்குவாங்க. பாவம், அவ ஒரு வருசம் அங்க போயி இருந்து படிச்சது எல்லாம் வீணாப் போயிரும்."

மகளுக்காக என்றதும் குழந்தைவேலுக்கு மூச்சு சீராக வந்தது. மனுஷன் தனக்காகச் செய்யக் கூசுகிற காரியத்தைப் பிள்ளைகளுக்காக என்று சொல்லிக்கொண்டால் கூசாமல் செய்துவிடலாம்.

"அப்ப என்ன பண்றது?"

"தூரம்னு சொல்லிரலாம்."

குழந்தைவேல் அக்காவைப் பார்த்தார்.

"பொட்டப்புள்ளைதான? திடீர்னு தூரமாயிட்டா, ஹோமத்துல உக்காரக் கூடாது. எவன் கேக்கப் போறான்? அவளுக்கும் கவுரவமாப் போயிரும், நமக்கும் செரியாப் போயிரும்."

உண்மையிலேயே யாரும் கேட்க மாட்டார்கள். பெண்கள் சொல்லும் பொய்களில் மாதவிலக்கு ஒன்றுக்குத்தான் குறுக்குக் கேள்வி கிடையாது. பிடிக்காத விருந்துக்குப் போகாமலிருக்கவும், மாமியார் வீட்டு வேலையிலிருந்து ஒரு நாள் ஒதுங்கிப் படுக்கவும் காலங்காலமாகப் பெண்கள் இதைச் சொல்லி வந்திருக்கிறார்கள். அவர்களுக்கென்று இருந்த ஒரே லீவு அது. அதை எடுத்து இப்போது ஒரு பெண்ணை வெளியே தள்ளக் கொடுத்துவிட்டாள் கந்தம்மாள்.

"செரி, பூபதிய உட்டுச் சொல்லச் சொல்லு. பக்குவமாச் சொல்லோணும்" என்றார் குழந்தைவேல்.

கூடத்தில் சரிதா செங்கல் அடுக்கிய ஹோமகுண்டத்தைச் சுற்றிக் கோலமிட்டுக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயது. கழுத்தில் ஒற்றை உருத்திராட்சம், தீட்சையின்போது போட்டது. மாவிலை கட்டிய கலசம், நெய்ச் சட்டி, சமித்துக் குச்சிக் கட்டு எல்லாவற்றையும் ஒரு முறைக்கு இருமுறை தொட்டுப் பார்த்துச் சரிசெய்தாள். அவளுக்கு உள்ளுக்குள் படபடப்பு.

இருக்காதா? பிளஸ் டூ முடித்ததும் நூற்பு மில்லுக்குப் போனவள். விடியுமுன் காலனி முனைக்கு வரும் மில் வண்டியில் ஏறினால் இருட்டியபின்தான் திரும்புவாள், தலை முழுக்கப் பஞ்சோடு. அப்பா இல்லை. அம்மா மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் கூலி. சின்ன வயதிலிருந்து பெரிய கோயில் ஒலிபெருக்கியில் கேட்டே தேவாரம் பாடப் பழகியவள் அவள். கோயிலுக்குள் போய்க் கேட்டதில்லை. பயிற்சிப் பள்ளி விளம்பரத்தைப் பார்த்துவிட்டு மில்லை விடுகிறேன் என்றபோது ஆராயி அடிக்கவே வந்துவிட்டாள். மாதம் பிறந்தால் உதவித்தொகை வரும், பாதியை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லித்தான் அம்மாவைச் சமாதானப்படுத்தினாள். சொன்னபடியே அனுப்பவும் செய்தாள். அந்த உதவி இல்லாவிட்டால் அவள் பள்ளிக்கூட வாசலைக்கூட மிதித்திருக்க முடியாது.

தை மாதத்தோடு படிப்பு முடிந்தது, உதவியும் நின்றது. அதற்குப் பிறகு ஒரு கோயிலிலிருந்தும் கூப்பிடவில்லை. "மந்திரத்தை வாயில வச்சிக்கினு எத்தினி நாளு உக்காருவ?" என்று ஆராயி தினமும் கேட்டாள். கடைசியில் தாயும் மகளும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ரஞ்சனியின் அப்பா சொன்ன பிள்ளையார் கோயில் கிடைத்தால் அர்ச்சகர் வேலை. கிடைக்காவிட்டால் மில்.

பூபதி வந்து சரிதாவைக் கண்ணால் கூப்பிட்டாள். சமையலறைக்குப் பின்னால் இருந்த சந்தில் வைத்து, "சாமி, வந்து... நீ இப்ப ஹோமத்துல உக்கார வேண்டாங் கண்ணு" என்றாள்.

"ஏங்கம்மா?"

"உனக்குத் தூரம்னு..." பூபதி மறுபடி தொடங்கினாள். "தூரமாயிட்டன்னு சொல்லிக்கலாம்."

"எனக்கு இல்லீங்கம்மா."

"இல்லேன்னு எனக்குந் தெரியும் கண்ணு."

சரிதா பூபதியின் முகத்தையே பார்த்தாள். பூபதியால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. தரையைப் பார்த்தாள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு வருஷம் முழுக்க ஒரே பந்தியில் சாப்பிட்டு, ஒரே பாயில் உட்கார்ந்து படித்ததில் மறந்திருந்த ஒன்று சரிதாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது, அவ்வளவுதான். "எங்கம்மாகிட்டக் கேட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள். பூபதி தலையசைத்தாள்.

சரிதா பின்வாசலைத் தாண்டித் தறிக் கொட்டகைக்குப் போனாள். அங்கே ஆராயி இருந்தாள். கந்தம்மாள் அவளைப் பக்கத்துச் சந்து வழியாகக் கொண்டுவந்து, "இங்கயே உக்காந்து சாப்புட்டுட்டுப் போயிருங்க" என்று ஒரு பாக்குமட்டைத் தட்டில் பொங்கலும் கொடுத்திருந்தாள். கூடத்துக்காரர்களுக்கு வாழையிலை. ஆராயி தட்டைத் தொடவில்லை.

"எந்தத் தெருவுன்னாங்க. எனக்குப் பொய்யி வரலடி. சொல்லிப்புட்டேன்" என்றாள் மகளைப் பார்த்ததும். "நான் உள்ள வராம நின்னதே உனக்காவத்தான். நான் வந்தாத்தான தெரியும், வெளிய நின்னாத் தெரியாதுன்னு நெனச்சேன். நின்னதே காட்டிக் குடுத்துருச்சு. நான் வராமயே இருந்திருக்கணும்."

"நீ எதுக்கும்மா பொய் சொல்லணும்?" என்றாள் சரிதா. நின்றுபோயிருந்த தறி ஒன்றின் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. "மில்லு வண்டிக்காரன் நம்பரு இருக்குதா உங்கிட்ட?" என்றாள்.

ஆராயி மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கூடத்தில் கந்தம்மாள் காரியத்தைக் கச்சிதமாக முடித்தாள். அடுத்திருந்த பெண்ணின் காதில் சொல்வதுபோல, நாலு வரிசைக்குக் கேட்கும்படி, "அந்த வாழப்பாடிப் புள்ளை தூரமாயிருச்சாமா. பாவம், என்ன பண்றது? நம்ம ரஞ்சனி ஒருத்தியே பண்ணிருவா" என்றாள். பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். ஆண்கள் காதில் விழாததுபோல் செல்போனைப் பார்த்தார்கள்.

கமிட்டியின் மூத்த உறுப்பினர் வெங்கடாசலம் மட்டும் சும்மா இருக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்தபடி, "இதுக்குத்தான் நான் அப்பவே சொன்னேன். பொம்பளைங்களுக்கு எதுக்குப்பா இந்தப் படிப்பு? மாசம் பொறந்தா தூரம். திடீர்னு நட்ட நடுவுல எந்திரிச்சுப் போயிட்டா சாமி என்ன பண்ணும்? அரசாங்கம் நம்ம காசை எடுத்துச் சோறு போட்டு, உதவித்தொகை குடுத்து, எல்லாந் தண்டம்" என்றார்.

குழந்தைவேல் பக்கத்தில்தான் நின்றார். அவருக்குச் சுருக்கென்றது. தன் மகளையும் சேர்த்துத்தான் பேசுகிறார் இந்த ஆள். வழக்கமாக இருந்தால் அந்த நாற்காலியோடு வெங்கடாசலத்தைத் தூக்கி வெளியே வைத்திருப்பார். ஆனால் இப்போது வாயைத் திறந்தால் மூடி வைத்தது எல்லாம் அவிழ்ந்துவிடும்.

"நீங்க சொல்றதும் ஒரு வகைல செரிதானுங்க மாமா" என்று சிரித்து வைத்தார்.

ரஞ்சனி தாம்பாளத்தில் பூவோடு அப்போதுதான் கூடத்துக்குள் வந்தாள். அத்தை சொன்னது அவள் காதில் விழுந்தது. வெங்கடாசலம் சொன்னதும் விழுந்தது. அப்பா சிரித்ததைக் கண்ணால் பார்த்தாள். தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய், "அம்மா, சரிதா எங்க?" என்றாள்.

பூபதி அடுப்பைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். யாரிடமாவது சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

ரஞ்சனி கொட்டகைக்கு ஓடினாள். சரிதா அவளை நிமிர்ந்து பார்த்து, "போடி, போயி உக்காரு. நல்ல நேரம் முடியப் போவுது. உங்க வூட்டு விசேசம்" என்றாள்.

"எனக்குத் தெரியாதுடி."

"தெரியும்டி உனக்குத் தெரியாதுன்னு. போ."

பாக்குமட்டைத் தட்டில் பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது. ரஞ்சனி அதைப் பார்த்தாள். ஆராயி அவசரமாக எழுந்து நின்று, "சாமி, நீங்க போங்க, உங்கப்பா திட்டுவாரு" என்றாள். தன்னைவிட முப்பது வயது மூத்தவள், தன்னைச் சாமி என்று கூப்பிட்டு எழுந்து நிற்கிறாள். ரஞ்சனி திரும்பிக் கூடத்துக்குப் போனாள்.

மகள் வருவதைப் பார்த்ததும் குழந்தைவேலுக்கு உயிர் வந்தது. பலகையைக் காட்டி, "வா சாமி, உக்காரு. நேரமாகுது" என்றார். பேச்சு அடங்கிக் கூடம் அவளைப் பார்த்தது.

ரஞ்சனி பலகைக்கு முன்னால் நின்றாள். உட்காரவில்லை.

"நான் உக்காரக் கூடாதுங்கப்பா. எனக்குந் தூரம்."

"எப்பருந்துடி?" என்றாள் கந்தம்மாள்.

"காத்தாலயே ஆயிருச்சுங்கத்தை. பால் காய்ச்சறதுக்கு முன்னாலயே. கலசத்துக்கு நூல் சுத்துனது நான்தான். அடுப்புக்குப் பொட்டு வெச்சதும் நான்தான். எல்லாருக்கும் பால் ஊத்திக் குடுத்தேன். சொல்லாம இருந்துட்டேனுங்க, தப்புத்தான்."

பாலைக் குடித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெங்கடாசலம், "சிவ சிவா" என்று எழுந்துவிட்டார்.

"பொய்யி! பொய் சொல்றா" என்று கத்தினார் குழந்தைவேல்.

"என்னுது பொய்னு எப்படிங்கப்பா சொல்றீங்க?" ரஞ்சனி குரலை உயர்த்தவில்லை. பயிற்சிப் பள்ளியில் பாடம் ஒப்பிப்பதுபோல் நிதானமாகப் பேசினாள். "சரிதாவுக்குத் தூரம்னு அத்தை சொன்னாங்க. யாரும் பொய்னு சொல்லலையே. நானும் அவளும் ஒரே ரூமுல ஒரு வருசம் இருந்தவங்க. அவ நாளு எனக்குத் தெரியும், என்ற நாளு அவளுக்குத் தெரியும். அவளுது நெசம்னா என்னுதும் நெசந்தானுங்க. என்னுது பொய்னா அவளுதும் பொய்யி. எதுன்னு நீங்களே எல்லாருக்கும் சொல்லுங்கப்பா."

எல்லாக் கண்களும் குழந்தைவேல் மேல் வந்து நின்றன. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மகள் சொல்வது பொய் என்று சொல்லலாம். சொன்னால், மற்றது எதற்காகச் சொல்லப்பட்டது என்று அடுத்த கேள்வி வரும். சங்க விழாவில் அத்தனை பேருக்கு முன்னால் மைக் பிடித்த மனுஷர் வேட்டி மடிப்பைச் சரிசெய்தார்.

"என்னப்பா, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றார் வெங்கடாசலம்.

பேசியது கந்தம்மாள்தான். தம்பியைக் காப்பாற்ற வேறு வழி தெரியாமலோ, வாய்ப் பழக்கத்திலோ, "தூரமானவ நடு ஊட்டுல நிக்கக் கூடாது. பின்னால போ" என்றாள்.

"போறேனுங்கத்தை."

ரஞ்சனி ஒருவர்மேலும் படாமல், சேலையை இடுக்கிக்கொண்டு, முறைப்படி ஒதுங்கி ஒதுங்கி நடந்து பின்வாசலுக்குப் போனாள். வழியில் இருந்த பெண்கள் கால்களை மடக்கிக்கொண்டார்கள். மூட்டாத ஹோமகுண்டத்தின்மேல் சமித்து அப்படியே கிடந்தது.

கொட்டகைக்கு வந்து சரிதாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தறிகள் நின்றிருந்ததால், கூடத்தில் நடந்தது முழுவதும் அவர்களுக்கு இங்கேயே கேட்டிருந்தது. சரிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்குப் பைத்தியமாடி? உன் வேலையும் போச்சு" என்றாள். இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"போகட்டும். ஒரே படிப்புத்தான ரெண்டு பேரும் படிச்சோம்? உன்னை எழுப்பிட்டு நான் உக்காந்தா அது என்ன படிப்பு?"

பூபதி வந்தாள். பந்திக்கு வைத்திருந்த வாழையிலைக் கட்டிலிருந்து நாலு இலையை உருவிக்கொண்டு வந்திருந்தாள். பாக்குமட்டைத் தட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, நாலு இலையைப் போட்டு, நாலிலும் பொங்கல் வைத்தாள். நாலாவது இலைக்கு முன்னால் அவளே உட்கார்ந்தாள். "நீங்களும் உக்காருங்க" என்றாள் ஆராயியிடம்.

ஆராயி உட்கார்ந்தாள். இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். சாப்பிடத் தொடங்குமுன் மகளைப் பார்த்து, "மில்லு வண்டிக்காரன் நம்பரு இருக்குதான்னு கேட்டியே, இருக்குது. குடுக்க மாட்டேன்" என்றாள்.

"என்னம்மா சொல்ற?"

"நீ மில்லுக்குப் போவ வேணாம். இன்னும் எத்தினி வருசமானாலும் நான் கெழங்கு புடுங்கிச் சோறு போடறேன். படிச்ச படிப்ப வுடாத. கவருமெண்டு கூப்புட்டு உன்ன உள்ள உக்கார வச்சிது, பெத்தவ நான் போயி கேட்டுக்கு வெளிய நின்னேன். நான் நின்னதுலதான இவங்களுக்கு இந்தத் தகிரியம் வந்திச்சு. இனிமே எவன் வூட்டுக்கு நீ போனாலும் நானும் உள்ளதான் வருவேன். வேணாம்னா மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்லட்டும். பொய்யி சொல்லக் கூடாது."

இத்தனை நீளமாக அம்மா பேசிச் சரிதா கேட்டதில்லை. பூபதி தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள்.

பின்வாசலில் நிழல் விழுந்தது. குழந்தைவேல் வந்து நின்றார். பட்டு வேட்டி கசங்கியிருந்தது. மனைவியும் மகளும் தறிக் கொட்டகைத் தரையில் அந்த இரண்டு பேரோடு இலை போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். திட்டுவதற்குத்தான் வந்தார் போலிருக்கிறது. வாயில் வந்தது கெஞ்சல்.

"கண்ணு, எல்லாரும் அப்படியே உக்காந்திருக்கறாங்க. மானம் போகுது சாமி. எந்திரிச்சு வா" என்றார். யாரும் அசையாததைக் கண்டு, "அந்தப் புள்ளையும் வேணும்னா வரட்டும். நான் என்னமோ சொல்லிச் சமாளிச்சுக்கறேன்" என்றார்.

"என்னன்னு சொல்லுவீங்கப்பா?" என்று கேட்டாள் ரஞ்சனி.

படியிறங்கி வந்து, மகளின் கையைப் பிடித்துத் தூக்குவதற்காகக் குனிந்து கையை நீட்டினார்.

"தள்ளி நில்லுங்கப்பா" என்றாள் ரஞ்சனி. "நாங்க ரெண்டு பேருந் தூரம். மேல பட்டுட்டா நீங்க தலைக்குத் தண்ணி ஊத்திட்டுத்தான் ஊட்டுக்குள்ள போகோணும்."

அவள் சொல்வது பொய் என்று அன்று அந்த வீட்டில் கூடியிருந்த ஆண்களில் நிச்சயமாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஆனாலும் குழந்தைவேல் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு ஒரு அடி பின்னால் போனார்.